சுவர் யாருடையது?

கொல்லிமலையில் காப்பிப் பழம் சிவந்து, பறிப்புக்கு ஆள் தேடி அலையும் மாதம் மார்கழி. 2019-ஆம் ஆண்டில் அதே மார்கழியில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலும் வந்து சேர்ந்தது. டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாட்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் கிராமப்புற ஓட்டுப்பதிவு நடைபெற்றது. நமது நாமக்கல் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவுற்று, பஞ்சாயத்துகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. அடுத்த தேர்தல் எப்பொழுது வந்தாலும், அதற்கு முன் நம் அங்கத்தினர்கள் ஒரு விஷயத்தைப் பற்றிச் சிந்தித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கருதி இதனை எழுதலானேன். அது நம் வீட்டுச் சுவரைப் பற்றிய விஷயம்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த மார்கழியில் ஒருநாள் தோட்டத்திலிருந்து மாலையில் திரும்பி வந்தபோது, பாதையைப் பார்த்த என் வீட்டுச் சுவரில், நீல வர்ணத்தில், ஒரு அபேட்சகரின் பெயரும் சின்னமும் ஆளுயரத்திற்கு எழுதப்பட்டிருந்தன. சுவரின் இரு கோடியிலும் அம்புக்குறி இட்டு, ‘ரிசர்வ்’ என்றும் எழுதியிருந்தார்கள். வீட்டிலிருந்த என் மனைவியைக் கேட்டேன். “அண்ணி, ஒரு சின்னம் மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். நம் பிள்ளைகள்தானே, எப்படி வேண்டாம் என்பது?” என்றாள். அவள் சொன்னதிலும் தவறில்லை. வாசலில் வந்து நிற்கும் சொந்தக்காரப் பிள்ளைகளை விரட்டுவது நம் மலையின் வழக்கமன்று.

ஆனால் எதிர்த்து நின்றவரும் அயலார் அல்லர். என் மாமன் மகன். மறுநாள் அவர் தம் ஆட்களுடன் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்தவர், என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டு நிறுத்தினேன். “சுவரே சொல்லிவிட்டதே மச்சான், நான் வேறு எதற்கு வந்து கேட்பது?” என்றார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு பூச்சுக்கு அந்த நீலம் மறையவில்லை. இரண்டாம் பூச்சுக்கும் சாயல் தெரிந்தது. மாசியில் என் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் வரவில்லை. நான் யாருக்கு ஓட்டளித்தேன் என்பதை அவரிடமும் சொல்லவில்லை. இங்கும் சொல்லப் போவதில்லை. சொல்லாதிருக்கும் அந்த உரிமையைப் பற்றியதே இக்கட்டுரை.

கிராமத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டுகள். வார்டு உறுப்பினருக்கு ஒன்று, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்திற்கு ஒன்று, மாவட்டப் பஞ்சாயத்துக்கு ஒன்று. நிறம் நிறமான சீட்டுகளைப் பெற்று, மறைவிடத்திற்குள் சென்று முத்திரையிட்டு, மடித்துப் பெட்டியில் போடுகிறோம். அந்த மறைவு எதற்கு? செல்வாக்குள்ளவர், கடன் கொடுத்தவர், உறவில் மூத்தவர் ஆகிய எவருடைய பார்வையும் நம் கையைத் தடுக்காமலிருப்பதற்கே. இத்தனை சிரமப்பட்டு உள்ளே மறைத்ததை வெளியே நம் வீட்டுச் சுவர் பறைசாற்றுமானால், அந்த மறைவுக்குப் பொருளென்ன? சுவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பார்ப்பவர் அதனை மெய்யென்றே கொள்வார்.

நகரத்துச் சுவருக்கும் நம் சுவருக்கும் உள்ள பேதம் இதுவேயாகும். நகரத்தில் ஒரு மதிலில் எவர் பெயர் இருந்தாலும், அவ்வழியே போகிறவருக்கு வீட்டுக்காரர் இன்னாரென்று தெரியாது. நம் மலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு எனப் பஞ்சாயத்துகள் நாட்டுப் பெயராலேயே வழங்குகின்றன. ஒவ்வொரு நாட்டிலும் சிறு சிறு குடியிருப்புகள். அங்கே ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பங்காளி என்ற முறையின்றி எவருமில்லை. தேர்தல் முடிந்தபின் அதே பாதையில்தான் நடக்க வேண்டும். அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். தெருவிளக்கு வேண்டும், பாதைக்குக் கல் பாவ வேண்டும் என்று போய் நிற்கும்போது, “அந்தச் சுவர்க்காரர்” என்று நம்மை அடையாளம் காண்பாரேயானால், சுவரைக் கொடுத்த அரைமணி நேரத்திற்கு ஐந்தாண்டு விலை கொடுத்தவராவோம்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா போன்ற பொதுச் சின்னங்களே ஒதுக்கப்படுகின்றன. 2019-இல் டிசம்பர் 19 அன்று சின்னம் கிடைத்தது. 27 அன்று முதற்கட்ட ஓட்டுப்பதிவு. எட்டு நாட்களுக்குள் ஒரு எளிய அபேட்சகர் தம் சின்னத்தை ஊருக்கு அறிவிக்கச் சுவரை விட்டால் வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. பணமில்லாதவருக்குச் சுவரே பத்திரிகை என்பதை நான் மறுக்கவில்லை.

அடுத்தது, சுவரில் எழுதினால் ஓட்டு விழுமா என்பது. அமெரிக்க நாட்டில் வீட்டு முற்றத்தில் அபேட்சகரின் பெயர்ப்பலகையை நட்டு வைப்பது வழக்கம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கிரீனும் அவருடன் உழைத்தவர்களும், நான்கு தேர்தல்களில் சில வட்டாரங்களில் பலகை நட்டும், சிலவற்றில் நடாமலும் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். பலகையினால் கிடைத்த ஆதாயம் சராசரியாக நூற்றுக்கு 1.7 அளவே. முந்நூறு ஓட்டுப் பதிவாகும் வார்டில் இக்கணக்கு ஐந்து ஓட்டாகும். சம ஓட்டு வந்து குலுக்கலில் முடிவாகும் வார்டுகளும் உண்டாதலின், ஐந்து ஓட்டு அற்பமன்று என்பார்கள். உண்மையே. ஆனால் ஒருவர் எழுதினால் மற்றவரும் எழுதுவார். இருவரும் எழுதியபின் அந்த ஐந்து ஓட்டு ஆதாயம் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது வர்ணக்காரரின் கூலியும் வீட்டுக்காரரின் மனஸ்தாபமும்தான்.

அதே அமெரிக்காவில், 1994-ஆம் ஆண்டு, மிசௌரி மாநிலத்து லாடூ நகரசபை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒருவர் தம் சொந்த வீட்டில் தம் சொந்தக் கருத்தைப் பலகையாக வைப்பதை நகரசபை தடுக்கலாகாது என்பது அதன் சாரம். இதிலே நாம் கவனிக்க வேண்டியது, வைப்பவர் வீட்டுக்காரர் என்பதே. தாமே விரும்பி, தம் பெயரால் சொல்பவரை எவரும் தடுக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் அப்படிப்பட்ட துணிவுள்ளவர் எழுதிக்கொள்ளட்டும். நான் ஆட்சேபிப்பது, வீட்டுக்காரரின் வாயை அவரறியாமல் பிறர் இரவல் வாங்குவதை.

சட்டமும் இதற்கு இணங்கியே நிற்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடங்கள் அலங்கோலமாவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. எவருடைய நிலத்திலும், கட்டிடத்திலும், சுற்றுச்சுவரிலும் அவருடைய அனுமதியின்றிக் கொடி நடுவதோ, நோட்டீஸ் ஒட்டுவதோ, எழுதுவதோ கூடாது என்று இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதி கூறுகிறது. செலவுக்கும் வரம்பு உண்டு. 2019-இல் வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், பஞ்சாயத்துத் தலைவருக்கு 34,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. எழுதிய சுவர் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் ஏற வேண்டியதே. ஆனால் சட்டம் வாசலில் வந்து காவல் நிற்காது. “அண்ணி, ஒரு சின்னம் மட்டும்” என்று கேட்கும்போது, “வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்” என்று பதில் சொல்லும் பழக்கம் நமக்கு வந்தாலன்றி, விதி ஏட்டில்தான் இருக்கும்.

சுவர் வேண்டாமென்றால் அச்சடித்த பிளெக்ஸ் பதாகை கட்டலாமே என்பவரும் உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பதாகை சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை நாடறியும். காற்றுப் பலமான மலைப்பாதையின் திருப்பங்களில் அது எத்தகைய ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அது மக்கவும் மக்காது. தேர்தல் முடிந்தபின் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகி, பின்பு கிழிந்து ஓடையில் சேர்கிறது. அடிவாரத்தில் இராசிபுரம் பக்கத்து நெசவாள அங்கத்தினர்கள், துணியில் எழுதினால் என்ன என்று கேட்கக்கூடும். நல்ல யோசனைதான். ஆயினும் தேர்தல் துணியால் கைத்தறி வாழ்ந்துவிடும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். துணியாயினும் பிளெக்ஸாயினும், எவர் வீட்டு வாசலில், எவருடைய சம்மதத்தின்பேரில் என்பதே கேள்வி.

அப்படியானால் எளிய அபேட்சகர் தம் சின்னத்தை எங்ஙனம் அறிவிப்பது? ஜப்பான் நாட்டில் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். தேர்தலின்போது பொது இடங்களில் ஒரு பெரிய பலகையை அதிகாரிகளே நிறுத்துகிறார்கள். அதில் எண்ணிட்ட, ஒரே அளவான கட்டங்கள் இருக்கும். பணக்காரராயினும் ஏழையாயினும் ஒரு அபேட்சகருக்கு ஒரு கட்டமே. அதிலும் கோளாறு இல்லாமலில்லை. 2024-இல் டோக்கியோ ஆளுநர் தேர்தலில் சிலர் அக்கட்டங்களைத் தவறாகப் பயன்படுத்தினர். ஆயினும் அடிப்படை எண்ணம் சிறந்தது. நம் குடியிருப்பு ஒவ்வொன்றிலும், மக்கள் கூடும் ஒரு பொது இடத்தில், ஒரு பலகை போதும். எல்லா அபேட்சகரின் பெயரும் சின்னமும் ஒரே அளவில் அங்கே இருக்கட்டும். ஊரார் ஒன்றுகூடி, அபேட்சகர்களை அழைத்துப் பேசினால், எந்தச் சட்டத்திருத்தத்திற்கும் காத்திராமல் இதனை நாமே செய்துகொள்ளலாம்.

நம் முன்னோர் சுவரில் எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லிலே வெட்டிவைத்தனர். அச்சுவரில் இருப்பது நின்றவர்களின் புகழன்று, நிற்பதற்குரிய தகுதி. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலை இடப்படுவதற்கு உரியரல்லர் என்று அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சுவர் கேட்ட கேள்வி “கணக்கு எங்கே?” என்பது. இன்றைய சுவர் அதைக் கேட்பதில்லை. சின்னத்தைக் காட்டி ஓட்டு மட்டும் கேட்கிறது.

ஆகவே சுவரெழுத்தே ஆகாதென்பது என் கட்சியன்று. எழுதவேண்டியதை, எழுதவேண்டிய சுவரில் எழுதுவோம். பஞ்சாயத்து அலுவலகத்தின் சுவர் பொதுச்சுவர். இவ்வாண்டு வந்த பணம் இவ்வளவு, பாதைக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று அங்கே எழுதட்டும். பொது அமைப்புகள் தம் விவரங்களை, ஒருவர் மனுப்போட்டுக் கேட்குமுன் தாமே வெளியிட வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் விதிக்கிறது. அறிவிப்புப் பலகையும் அதற்குரிய வழிகளுள் ஒன்றென அச்சட்டமே குறிப்பிடுகிறது. கிராம சபையில் எழுந்து இதனைக் கேட்பதற்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை.

சங்க அங்கத்தினர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொண்டு முடிக்கிறேன்.

முதலாவது, நம் சங்கக் கட்டிடத்தின் சுவரிலும், கிடங்கின் கதவிலும், எவருடைய பெயரும் சின்னமும் எக்காலத்தும் இடம்பெறலாகாது. நிர்வாகிகள் இதனை மகாசபையில் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும். மிளகு கொண்டுவருபவரும், நூல் வாங்க வருபவரும், கடன் கேட்டு வருபவரும் எந்தப் பக்கத்தவராயினும் தயங்காமல் ஏறக்கூடிய படியாகச் சங்கத்தின் படி இருக்க வேண்டும். சுவரில் ஒரு சின்னம் ஏறினால், மறுபக்கத்தாரின் கால் அப்படியில் தயங்கும்.

இரண்டாவது, வீட்டுச் சுவரைக் கேட்டு வருபவரிடம், ஆண்கள் இல்லாத வேளையிலும், பெண்கள் “இல்லை” என்று சொல்லும் உரிமையை வீட்டார் முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரை மெழுகுகிறவளும், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவளும் அவளே. அவள் சொல்லுக்கு மேல் அச்சுவரில் எழுத்து இருக்கலாகாது.

மூன்றாவது, நீங்கள் அபேட்சகராக நிற்பவராயின், கேளாமல் எவர் சுவரிலும் எழுதாதீர்கள். கேட்டு எழுதினாலும், முடிவு தெரிந்த மறுநாளே உங்கள் செலவில் வெள்ளையடித்துக் கொடுங்கள். தோற்றவர் வெள்ளையடித்தால் அது பெருந்தன்மை. வென்றவர் வெள்ளையடித்தால், ஊர் முழுவதற்கும் இனி அவர் தலைவர் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

என் மாமன் மகன் இரண்டாண்டு கழித்து, காப்பிப் பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் நான் தவித்தபோது, தாமாகவே கூடையுடன் வந்து நின்றார். சுவரைப் பற்றி இருவரும் பேசவில்லை. வெயிலில் நீலம் அதற்குள் வெளுத்துப் போயிருந்தது. அடுத்த தேர்தலில் அச்சுவர் வெள்ளையாகவே இருக்கும்.