கீரையைக் கிள்ளிப் பார்த்தீர்களா?

மழை விட்ட மூன்றாம் நாள். எதிர்வீட்டுக் காலிமனையில் பருப்புக்கீரை தரையோடு படர்ந்து கிடந்தது. காசில்லாமல் ஒரு கூட்டு என்ற சந்தோஷத்தில் கை கொள்ளாமல் அள்ளி வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, முறத்தில் கொட்டி ஆயத் தொடங்கினார். பாதியில் ஒரு தண்டைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். நுனியில் ஒரு சொட்டு வெள்ளைப் பால்!

“இது பருப்புக்கீரை இல்லைம்மா, சித்திரப்பாலாடை. ரெண்டும் சேர்ந்தேதான் முளைக்கும். கிள்ளிப் பார்க்காம எதையும் முறத்துல போடக் கூடாது.”

இரண்டும் தரையில் படரும், இரண்டின் தண்டும் செம்மை ஓடியிருக்கும். ஆனால் பருப்புக்கீரையின் தண்டும் இலையும் சதைப்பற்றானவை. பூ மஞ்சள். கிள்ளினால் வழவழப்பான நீர்தான் வரும். சித்திரப்பாலாடையின் தண்டு நூல்போல மெலிந்தது. அதன் பால் கண்ணில் பட்டாலே எரியும். வைத்தியர் சொல்லி மருந்துக்கு எடுப்பது வேறு, கூட்டு வைத்துச் சாப்பிடுவது வேறு.

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த தாவரவியல் சொற்களின் அருமை அன்றுதான் புரிந்தது. செடியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. கணுவில் எத்தனை இலை?
தண்டில் இலை முளைக்கும் இடம்தான் கணு. கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வந்தால் ‘மாற்றிலை அமைவு’. உதாரணம், மணத்தக்காளி. எதிரெதிரே இரண்டு வந்தால் ‘எதிரிலை அமைவு’. உதாரணம், பொன்னாங்கண்ணி. பொன்னாங்கண்ணி என்று பறித்ததில் இலைகள் மாறி மாறி இருந்தால், அது வேறு செடி.

2. தனி இலையா, கூட்டிலையா?
ஒரே இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருந்தால் கூட்டிலை. முருங்கை அப்படித்தான். சந்தேகம் வந்தால் இலைக்கோணத்தைப் பாருங்கள். அதாவது, இலை தண்டோடு சேரும் இடுக்கு. மொட்டோ பூவோ அங்கேதான் வரும். சிற்றிலையின் அடியில் வராது. கீழாநெல்லி பார்வைக்குக் கூட்டிலை போலிருக்கும். ஆனால், குட்டி இலை ஒவ்வொன்றின் அடியிலும் காய் தொங்குகிறதே! அதனால் அவை தனி இலைகள்.

3. பூவும் காயும் எப்படி?
இலை ஏமாற்றும், பூவும் காயும் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது. முடக்கத்தானுக்குப் பிடித்து ஏறப் பற்றுக்கம்பி உண்டு. காய், காற்றடைத்த பை போலிருக்கும். உள்ளே கறுப்பு விதையில் வெள்ளை இதயக் குறி. பூக்காத இளஞ்செடி என்றால், பழகியவர் பார்த்துச் சொல்லும்வரை பொறுங்கள்.

4. கிள்ளினால் பால் வருகிறதா?
தெரியாத செடியில் பால் வந்தால் விட்டுவிடுங்கள். அதற்காகப் பால் வராததெல்லாம் நல்ல கீரை என்று அர்த்தமில்லை. ஊமத்தையில் பால் வராது. ஆனால் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு.

நான்கு பதில்களும் ஒரே செடியைக் காட்ட வேண்டும். ஒன்று இடறினாலும் பறிக்காதீர்கள். செல்போனில் படமெடுத்துப் பெயர் தேடுவது ஆரம்பத்துக்கு உதவும். ஆனால் படத்தைக் கிள்ளிப் பார்க்க முடியாதே! சாக்கடை ஓரம், பூச்சிமருந்து அடித்த வயல் என்றால் நல்ல கீரையும் வேண்டாம்.

தவறிச் சாப்பிட்டு வாந்தி, மயக்கம் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்தச் செடியில் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அன்று அந்தக் கீரை முழுவதும் குப்பைக்குப் போனது. மதியம் ரசமும் அப்பளமும்தான். மறுநாள் காலையில் அதே மனையில் அத்தையும் நானும் ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கைப்பிடிதான் தேறியது. ஆனால், நிம்மதியாகச் சாப்பிட்டோம்.