விடுதிக்கு விடுமுறை இல்லை

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததும் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘நாளைக்கு லீவா?’ என்பதுதான். அந்த வயதுக்கு அது இயல்பு. கல்லூரி நிர்வாகங்களும் அந்தக் கேள்வியைத் தாண்டி யோசிக்காமல் இருப்பதுதான் கவலை தருகிறது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டார், பல்கலைக்கழகம் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டது, இனி நம் பொறுப்பு ஏதுமில்லை என்று பல வளாகங்கள் இருந்துவிடுகின்றன. வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவருக்கு அந்த அறிவிப்பு போதும். விடுதி மாணவருக்குப் போதாது. வகுப்பறையைப் பூட்டினாலும் அவர் புயலன்று அதே வளாகத்தில்தான் இருக்கிறார்.

நம் கல்வி நாட்காட்டியே இந்தச் சிக்கலை ஆண்டுதோறும் உறுதி செய்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆண்டின் முதல் பருவத் தேர்வுகள் நவம்பரிலும் டிசம்பரிலும். விடுதிகள் நிரம்பியிருக்கும் வாரங்களில்தான் புயல்களும் கரையைக் கடக்கின்றன. வர்தா 2016 டிசம்பர் 12 அன்று வந்தது. கஜா 2018 நவம்பர் 16, மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. இவற்றில் எதுவும் காலம் தப்பி வந்த புயல் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் புயலைப் பார்ப்பதுபோல் திகைக்கிறோம்.

பெரிய தவறு அறிவிப்பு வரும் நேரத்தில் இருக்கிறது. விடுமுறைச் செய்தி பெரும்பாலும் முந்தைய நாள் இரவிலோ, அன்று விடியற்காலையிலோதான் வருகிறது. சில இடங்களில் அதற்கும் பிறகு, ‘விடுதியைக் காலி செய்யுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவரை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடுகிறது. ரயில்கள் ரத்தாகத் தொடங்கியிருக்கும். பேருந்துகள் பாதி வழியில் நிற்கும். மரமும் மின்கம்பமும் சாயும் நேரத்தில் சாலையைவிட ஆபத்தான இடம் வேறில்லை. பொறுப்பைக் கழித்துவிட்ட நிம்மதி நிர்வாகத்துக்குக் கிடைக்கிறது; ஆபத்து மாணவர் தலையில் இறங்குகிறது. அசாமிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து படிக்கும் மாணவருக்குப் போக இடமே இல்லை.

வானிலை ஆய்வு மையம் இப்படிக் கடைசி நேரத்தில் நம்மை எழுப்புவதில்லை. புயல் குறித்த முதல் எச்சரிக்கை 72 மணி நேரத்துக்கு முன்பே அரசு அதிகாரிகளுக்குப் போகிறது. அடுத்தது 48 மணி நேரத்துக்கு முன், பிறகு 24 மணி நேரத்துக்கு முன், கடைசியாக 12 மணி நேரத்துக்கு முன். துறைமுகத்தில் கூண்டு ஏறுகிறது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மீனவர்கள் படகுகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கல்லூரிகளும் இந்தக் கணக்கிலேயே இயங்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. 48 மணி நேர எச்சரிக்கை வரும்போதே தேர்வைத் தள்ளிவைக்க வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்கள் அன்று பகலிலேயே போய்விட வேண்டும். 24 மணி நேர எச்சரிக்கைக்குப் பிறகு எந்த விடுதியும் எந்த மாணவரையும் வெளியே அனுப்பக் கூடாது.

‘புயல் திசை மாறினால்? வலுவிழந்தால்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஃபெஞ்சல் புயலாக மாறுமா மாறாதா என்ற கணிப்பே கடைசி நாட்களில் மாறிமாறி வந்தது. ஆனால் அது கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. வராத புயலுக்காக ஒரு தேர்வு தள்ளிப்போனால் நட்டம் ஒரு நாள். வந்த புயலுக்குத் தயாராக இல்லாததன் நட்டத்தை அப்படி நாள் கணக்கில் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள துலேன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் இங்கே உதவும். 2005 ஆகஸ்ட் 27, முதலாண்டு மாணவர்கள் விடுதிக்கு வந்து சேர்ந்த நாள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே, ஊரைவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போக வழியில்லாத நூற்றுக்கணக்கானோரைப் பேருந்துகளில் ஏற்றி, சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, கத்ரீனா புயல் தாக்கியது. வளாகத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. அந்தப் பருவம் முழுக்கப் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்து, 2006 ஜனவரியில்தான் திறந்தது. கட்டடங்களைக் காக்க முடியவில்லை. பிள்ளைகளைக் காக்க முடிந்தது, எங்கே அனுப்புவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்ததால்.

நம் நிலைமையில் ஆயிரக்கணக்கானோரை ஊர்விட்டு ஊர் நகர்த்துவது எளிதல்ல. பல வளாகங்களில் அதற்குத் தேவையும் இருக்காது. உறுதியான கான்கிரீட் விடுதி நல்ல புகலிடம்தான், அதை அப்படி ஆயத்தம் செய்தால். 2019 மே மாதம் ஃபானி புயலில் புவனேசுவரம் எய்ம்ஸ் விடுதியின் கூரை பெயர்ந்து பறந்த காட்சியை நாடே பார்த்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும் பறந்தன. மாணவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். நம் கல்லூரிகளில் சைக்கிள் நிறுத்தம், மெஸ், பட்டறை என எத்தனை தகரக் கூரைகள்! அவற்றை இறுக்கிக் கட்டுவதற்கு உரிய மாதம் செப்டம்பர். ஜெனரேட்டரை எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும்; அடித்தளத்தில் இருந்தால் வெள்ளம் அதை முடக்கிவிடும். 2001இல் அலிசன் புயல் மழையில் ஹூஸ்டன் நகரின் மருத்துவக் கல்வி வளாகங்களில் அடித்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்து, ஆய்வுக்கு வளர்த்த பல்லாயிரம் விலங்குகள் மாண்டன; ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சியும் அவற்றோடு போயிற்று.

மரங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வர்தா சென்னையில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. கிண்டிக் காட்டை ஒட்டிய ஐஐடி வளாகமும் தப்பவில்லை. நிழலுக்காகவும் பூவுக்காகவும் நட்ட தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையும் எளிதில் விழுந்தன. வேரைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, மண்ணுக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டு மரத்தைக் குறைசொல்வதில் பொருளில்லை. புயலைக் காரணம் காட்டி மரங்களை வெட்டித் தள்ளுவதை ஏற்க முடியாது. கிளைகளைப் பக்குவமாகக் கழித்து, விடுதி வாசலிலும் மின்கம்பியருகிலும் உள்ள மரங்களை ஆண்டுதோறும் பரிசோதித்தால் போதும்.

அதே வர்தாவின்போது புயலின் கண் கடக்கையில் காற்று சற்று நின்றது. முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் தெருவுக்கு வந்தார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பி அடித்தது. பதினெட்டு வயது மாணவர், கைபேசியோடு படம் எடுக்க இறங்குவது அந்த அமைதியில்தான். இதை வார்டன் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வார்டனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வர்தா கடந்த பின்னும் பல நாள் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் முடங்கின. பணமதிப்பிழப்பு நேரம் என்பதால் கையில் ரொக்கமும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் விடுதிக்கு வேண்டியவை குடிநீர், அரிசி, மாத்திரை, மின்விளக்கு, அறைவாரியாக யார் இருக்கிறார்கள் என்று காகிதத்தில் எழுதிய பட்டியல். பெற்றோர் எந்த எண்ணுக்கு அழைப்பது, அது எடுக்கவில்லை என்றால் அடுத்து எது என்பதும் அதில் இருக்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகிய எண்களை ஒவ்வொரு தளத்திலும் எழுதிவைக்கச் செலவே இல்லை.

உயர்கல்வித் துறை இதைக் கல்லூரிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. விடுதி நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் எழுத்து வடிவிலான புயல் திட்டத்தைச் செப்டம்பர் முடிவதற்குள் மாவட்ட நிர்வாகத்திடம் தரவேண்டும். ஒருமுறையாவது ஒத்திகை நடத்தியிருக்க வேண்டும். தராத விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது.

அந்தத் திட்டத்தில் இன்னும் சிலரின் பெயரும் வேண்டும். புயலிரவில் சோறு வடிப்பவர்களும், தண்ணீர் மோட்டாரைப் பார்ப்பவர்களும், வாசலில் நிற்கும் காவலர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பலரின் வீடு பக்கத்துத் தாழ்வான பகுதியில் ஓட்டுக்கூரைக்கோ ஓலைக்கூரைக்கோ கீழே இருக்கிறது. நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்க வரச்சொல்லும் கல்லூரி, அவர்களின் மனைவி மக்களுக்கும் வயதான பெற்றோருக்கும் அன்றிரவு வளாகத்துக்குள் தங்க இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிட வேண்டும்.