வால் சிறகும் தொடுதிரையும்

இரண்டு நீண்ட ஆயுள்கள் 2014-ல் முடிவுக்கு வந்தன. ஜனவரியில் மாருதி 800-ன் தயாரிப்பு நின்றது. மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலை அம்பாசிடருக்கு விடை கொடுத்தது. ஒன்றின் உடல் 1986-ல் வந்தது. மற்றதன் உடல், 1956-ல் பிரிட்டனில் அறிமுகமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டினுடையது. ‘வயதே ஆகாத கார்கள்’ என்று இவற்றைப் பற்றி ஏக்கத்துடன் பேசுபவர்கள் உண்டு. அது பாதி உண்மை.

மீதிப் பாதி லைசென்ஸ் ராஜ்யத்தின் கதை. பக்கத்தில் புதியது வந்து நின்றால்தான் பழையது பழையதாகத் தெரியும். யார், எத்தனை கார் தயாரிக்கலாம் என்று அரசு முடிவு செய்த காலத்தில் அந்தச் சங்கடம் இல்லை. 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அடிபட்டவற்றில் ஒன்று கான்டெஸ்ஸா. 1984-ல் அறிமுகமானபோது அது செல்வாக்கின் அடையாளம். உண்மையில் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் 70களில் உடுத்திக் களைந்த சட்டை. எஸ்டீமும் சியலோவும் சாலைக்கு வந்ததும் சாயம் வெளுத்தது. 2002-ல் கதை முடிந்தது.

அலங்காரத்துக்கு ஆயுள் குறைவு. 1948-ல் காடிலாக் கார்களின் பின்புறம் முளைத்த வால் சிறகு, லாக்ஹீட் பி-38 போர் விமானத்தைப் பார்த்துப் பிறந்தது. காருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. 1959-ல் உச்சத்துக்குப் போய், அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்தே மறைந்துபோனது. இத்தாலியின் ஃபியட் 1100 வழியாக அதன் சிறிய வடிவம் பிரீமியர் பத்மினியில் ஒட்டிக்கொண்டது. 2003-ல் பதிவான கடைசி பத்மினி டாக்சி, 20 ஆண்டு வயது வரம்பை எட்டி 2023 அக்டோபரில் ஓய்வு பெறும்வரை மும்பையில் அந்தச் சிறகு ஓடிக்கொண்டிருந்தது.

தேவையிலிருந்து பிறந்த வடிவங்களின் கதை வேறு. மாருதி 800-க்கு மூலமான சுசுகி ஆல்டோ, ஜப்பானின் சிறு கார் விதிகளுக்கு அடங்க வேண்டியிருந்தது. நீளம் 3.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். எனவே சக்கரங்கள் நான்கு மூலைகளுக்குத் தள்ளப்பட்டன. ஒப்பனைக்கு மிச்சம் வைக்க இடமே இல்லை. 1998-ல் ஹூண்டாய் கொண்டுவந்த சான்ட்ரோவின் உயரமான கூரையைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் தலைப்பாகை இடிக்கவில்லை. வயதானவர்கள் உடலை மடக்காமல் ஏறி இறங்க முடிந்தது. 2003-ல் காரின் முகத்தை மாற்றினார்கள். கூரை உயரமாகவே இருந்தது.

முகத்தை மாற்றுவது ஒரு வியாபார உத்தி. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி, ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பழசாக்கும் வித்தையை 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வளர்த்தெடுத்தார். இன்று இந்தியாவில் ஏழு ஆண்டுத் தவணையில் கார் வாங்க முடிகிறது. மூன்று, நான்கு ஆண்டுகளில் அதே மாடல் புதிய முகத்துடன் ஷோரூமுக்கு வந்துவிடுகிறது. கடன் அடைவதற்குள் கார் பழைய மாடலாகி, விற்கப்போனால் விலை இறங்குகிறது. என்ஜினில் கோளாறு இல்லை. விளக்கின் வடிவம்தான் மாறியிருக்கிறது.

இன்றைய வால் சிறகு எது? டாஷ்போர்டை அடைத்து நிற்கும் தொடுதிரைதான் என்று தோன்றுகிறது. இரும்பைவிட வேகமாக மென்பொருள் மூப்படைகிறது. ஏசியைக் கூட்ட, சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றைக் கையால் தொட்டு இயக்கும் விசைகளுக்கு 2026 முதல் மதிப்பளிக்கிறது. திரைக்குள் புகுந்த பொத்தான்கள் மெல்ல வெளியே வருகின்றன.

ஷோரூமுக்குப் போகிறவர்கள் திரையின் அங்குலத்தை அளப்பதற்கு முன், பின் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஏழாவது ஆண்டிலும் அந்த இடம் அப்படியேதான் இருக்கும்.