பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர்: முதலில் கணக்கு, பிறகு ஸ்பேனர்

"கப்சாய்க்கு பேட்டரி எதற்கு? கழற்றிவிட்டு ஒரு கெபாசிட்டரை மாட்டினால் போதும். எடையும் குறையும், பேட்டரி வாங்கும் செலவும் மிச்சம்." மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில் நிற்கும் நம் இளைஞர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். வீட்டில் இதைச் சொன்னால், "வண்டியைக் கெடுக்காதே, போய்ப் படி" என்று பதில் வரும். நண்பர்களிடம் சொன்னால், "மாட்டித்தான் பாரேன்" என்பார்கள். இரண்டு பதிலும் சரியில்லை என்பது என் கருத்து. இது படிப்புக்கு வெளியே உள்ள விஷயமல்ல. கணக்குப் போடாமல் செய்து பார்க்கும் விஷயமும் அல்ல.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது வெறும் பட்டறைக் கட்டுக்கதை அல்ல. 1960களிலேயே பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் 2எம்சி என்ற கெபாசிட்டரைத் தயாரித்தது. டிரையம்ப் போன்ற மோட்டார் சைக்கிள்களில் பேட்டரி இல்லாமலேயே இயந்திரத்தை உதைத்துக் கிளப்பி ஓட்ட அது உதவியது. கரடுமுரடான பாதைகளில் போட்டிக்குச் செல்வோர் பேட்டரியின் சுமையும் அமிலமும் வேண்டாம் என்று நினைத்தார்கள். அவர்களுக்கு அது ஏற்ற வழியாக இருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? இயந்திரம் சுழலும்போது, அதனுடன் சேர்ந்து சுழலும் காந்தம் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ரெக்டிஃபையரில் உள்ள டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. ஆனாலும் அது சீராக வருவதில்லை. மேடும் பள்ளமுமாகத் துடித்துத் துடித்து வருகிறது. மேட்டில் வரும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துப் பள்ளத்தில் கொடுப்பதுதான் கெபாசிட்டரின் வேலை.

படிவம் 5 இயற்பியல் மாணவர்களே, இது எங்கோ படித்ததுபோல் இருக்கிறதா? டையோடு, அரை அலை, முழு அலை, கெபாசிட்டர் கொண்டு சீராக்குதல் என மின்னணுவியல் பாடத்தில் நீங்கள் வரையும் அதே மின்சுற்றுதான் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டாரின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். கப்சாயில் பொருத்தும் பேட்டரி 12 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். 12 x 5 x 3600 என்று பெருக்கினால் 216,000 ஜூல். 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 14 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1 ஜூல்தான். ஒரு பக்கத்து சிக்னல் விளக்குகள் இரண்டும் தலா 10 வாட் என்றால், பேட்டரி கணக்கின்படி அவற்றை 3 மணி நேரம் எரிய வைக்கும். கெபாசிட்டரோ ஒரு விநாடியில் 20இல் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஆகவே பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி என்றால், கெபாசிட்டர் ஒரு சிறு கிண்ணம். குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் கிண்ணம் போதும். குழாய் நின்றால்?

உயிருக்கு ஆபத்து வருவது இந்த இடத்தில்தான். தெருவிளக்கு இல்லாத தோட்டச் சாலையில் இரவு நேரத்தில் இயந்திரம் நின்றுபோனால், கெபாசிட்டரை நம்பியிருக்கும் விளக்குகள் எல்லாம் அந்த நொடியே அணைந்துவிடும். பிரேக் விளக்கு இல்லை, சிக்னல் இல்லை, ஹார்னும் இல்லை. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அங்கே ஒரு மனிதன் நிற்பதே தெரியாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று 1992இல் விதி கொண்டுவந்ததே மற்றவர் கண்ணில் நாம் பட வேண்டும் என்பதற்காகத்தான். சில ரிங்கிட் மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பாதுகாப்பைக் கழற்றி வைப்பது நியாயமா?

எல்லா மோட்டாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்திக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 1 ஜூல் எதற்கும் போதாது. எரிபொருளைப் பீய்ச்சும் பம்பும் அதை இயக்கும் கணினியும் உள்ள புதிய மோட்டார்களுக்குச் சீரான மின்சாரம் கட்டாயம் வேண்டும். கார்பரேட்டரும் உதைத்துக் கிளப்பும் வசதியும் உள்ள பழைய மோட்டாரில் மட்டுமே இதை எண்ணிப் பார்க்கலாம்.

அங்கும் விதிகள் உண்டு. கெபாசிட்டர் 12 வோல்ட்டுக்கு உரியதாக இருந்தால் போதாது. குறைந்தது 25 வோல்ட் தாங்க வேண்டும், 35 என்றால் இன்னும் நல்லது. நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் அது வெடிக்கக்கூடும். ஃபியூசை எடுத்துவிடக் கூடாது. அதிர்வு தாக்காதபடி ரப்பர் வைத்துப் பொருத்த வேண்டும். மிக முக்கியமாக, பேட்டரி இல்லாதபோது ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வேகம் கூடும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பல்புகளும் சிடிஐ பெட்டியும் கருகிப்போகும். அப்போது பேட்டரியில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவாகும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், "இதைத் தொடாதே" என்று நான் சொல்லப் போவதில்லை. சாலையில் ஓடும் மோட்டாரில் பேட்டரி இருக்கட்டும். ஆனால் பள்ளிக் கூடத்திலோ பயிற்சிப் பட்டறையிலோ, ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பழைய மோட்டாரில், ஆசிரியர் அல்லது அனுபவமுள்ள மெக்கானிக் முன்னிலையில் இதைச் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கவும் வேண்டும். கெபாசிட்டர் இல்லாமல் விளக்கு எப்படித் துடிக்கிறது, 1,000 மைக்ரோஃபாரட்டில் என்ன ஆகிறது, 10,000இல் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்த மாணவனுக்கு அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

"எஸ்பிஎம் நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரம் ஏது? மோட்டாரை மாற்றிக் கட்டும் பழக்கத்தைப் பள்ளியே வளர்க்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பள்ளியில் சொல்லித் தராவிட்டாலும் நம் பிள்ளைகள் மோட்டாரைப் பிரிக்கத்தான் செய்கிறார்கள். கணக்குத் தெரியாமல் இரவில் சாலையில் சோதிப்பதைவிட, கணக்கோடு பகலில் பட்டறையில் சோதிப்பது மேல் இல்லையா?

நம் சமூகத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கும் பையனைப் 'படிப்பு வராதவன்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ரெக்டிஃபையரைச் சோதித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக் அண்ணன் அன்றாடம் செய்வது இயற்பியல்தான். அவருடைய அனுபவத்துக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறை நடப்பில் உள்ளது. தொழிற்கல்லூரிகளும் தொழில்துறைப் பயிற்சிக் கழகங்களும் இருக்கின்றன. பட்டறையில் வேலை செய்யும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ பேட்டரியைக் கழற்றலாமா என்று கேட்டால் அதட்டி அனுப்பாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து, "எத்தனை ஜூல் என்று கணக்குப் போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். அதைச் சரியாகப் போட்டுக் காட்டும் பிள்ளை, சாலையில் ஓட்டும் மோட்டாரில் பேட்டரியைத் தானாகவே விட்டுவைக்கும்.