பள்ளி வாசலிலிருந்து 100 கெஜம்: நம்ம ஏரியாவில் யார் அளந்து பார்த்தது?

தோழர்களே,

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தெரிந்த காட்சிதான். சாயங்காலம் நாலு மணி. ஸ்கூல் விட்டாச்சு. அம்மா எஸ்டேட் கம்பெனியில் வேலை முடித்து வர ஏழரை ஆகும். அப்பா ஆட்டோவோ, லோடு வேலையோ. வீடு பூட்டிக் கிடக்கு. அந்த மூணரை மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கான், யாரோட இருக்கான்?

அந்த நேரத்துக்காகத்தான் ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். முதல்ல உதட்டுக்குள்ள வைக்கிற புகையிலை பாக்கெட். அப்புறம் பீர். அப்புறம் கஞ்சா, இல்லன்னா டாக்டர் சீட்டு இல்லாம கிடைக்கிற வலி மாத்திரை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தாங்க. நல்ல விஷயம். ஆனா உறுதிமொழி எடுத்த பையன் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் கண்ணில் படுவது என்ன?

ஒரு பையன் மாட்டினால் தெருவே அவனைத் திட்டுது. "உருப்படாதவன்" என்று முத்திரை குத்துது. விற்றவனோ அடுத்த பையனைத் தேடிப் போயிடறான். இந்தக் கணக்கு தலைகீழாக மாறணும்.

சட்டம் என்ன சொல்லுது, தெரிஞ்சுக்கோங்க:

🔴 இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: மருத்துவர் சொல்லாமல் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவோ, போதைப் பொருளோ, புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
🔴 பிரிவு 78: பிள்ளையை வைத்து விற்றாலும், கைமாற்றினாலும் அதே தண்டனை.
🔴 புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003: கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவே கூடாது.
🔴 தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது.

காகிதத்தில் எல்லாம் இருக்கு. தெருவில் கேட்க ஆள் இல்லை. 2017-இல் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராக ரோட்டில் உட்கார்ந்தது பெண்கள்தான். போலீஸ் அடியையும் வாங்கினாங்க. நாம அடி வாங்க வேண்டாம், அளவு நாடாவை எடுத்தாலே போதும்.

ஒவ்வொரு கிளையும் செய்ய வேண்டியது இதுதான். உங்க ஏரியாவில் உள்ள ஒவ்வொரு பள்ளி வாசலிலிருந்தும் 100 கெஜம் அளங்க. அதுக்குள்ள இருக்கிற கடைகளைக் குறிச்சு, தலைமை ஆசிரியரிடமும் காவல் நிலையத்திலும் மனுவாகக் கொடுங்க. ஏரியா சபையிலும், ஊராட்சி என்றால் கிராம சபையிலும் எழுந்து நின்று கேளுங்க. பதிவேட்டில் ஏறட்டும். கூடவே மாநகராட்சி விளையாட்டுத் திடலுக்கு லைட் கேளுங்க. ஏழரை மணி வரைக்கும் பந்து விளையாட இடம் இருக்கிற பையனை வலைக்குள் இழுப்பது கஷ்டம்.

கஞ்சா, கள்ளச்சாராயம் பற்றித் தகவல் சொல்ல 10581. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளையை அடிக்காதீங்க, வீட்டை விட்டு விரட்டாதீங்க. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்பு சிகிச்சை இருக்கு. போதைக்கு அடிமையாகி, சிறிய அளவில் பிடிபட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கு. கேஸ் பயத்தில் மறைச்சு வெச்சுத்தான் பல வீடுகள் பிள்ளையை இழக்குது.

கடைசியா ஒன்று. கசக்கும், ஆனா சொல்லியாகணும். "டேய், போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பறது நாமதான். சைடிஷ் வாங்க அனுப்பறதும் நாமதான். ஊர்வலத்துக்கு பைக்கில் வர்ற பதினேழு வயசுப் பையன் கையில் பாட்டில் இருந்தால், பார்த்தும் பார்க்காத மாதிரி போறதும் நாமதான். அந்தக் கையில் நம்ம கொடியும் இருக்கு என்பதை மறக்காதீங்க. அடுத்தவன் கடையை அளக்கிறதுக்கு முன்னாடி நம்ம மேடையைச் சுத்தமா வெச்சுக்கணும். எந்தப் பொறுப்பில் இருப்பவர் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தாலும், அவரைக் கேள்வி கேட்கிற முதல் ஆள் நீங்களா இருங்க.

இந்த வாரம் ஒரு பள்ளி, ஒரு அளவு நாடா, ஒரு மனு. ஆரம்பிப்போம் தோழர்களே!

#நம்ம_பிள்ளை_நம்ம_பொறுப்பு
#100கெஜம்