‘இலவச’ கண் டெஸ்ட் உண்மையிலேயே இலவசமா? கண்ணாடி வாங்கும் முன் இதைப் படிங்க!

சாயங்காலம் ஆனாலே தலைவலி. போன மாசம் ஒரு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தேன். வாசலில் ‘இலவச கண் பரிசோதனை’ போர்டு. பத்தே நிமிஷம். “பவர் கூடியிருக்கு மேடம். நாள் முழுக்க கம்ப்யூட்டரா? அப்போ புளூ கட் லென்ஸ் போட்டுடலாம்” என்றார்கள். 999 ரூபாய் ஃப்ரேமில் ஆரம்பித்த கணக்கு, 4,800-ல் போய் நின்றது. “பவரை மட்டும் எழுதித் தாங்க” என்றேன். “கண்ணாடி எடுத்தாதான் தருவோம்” என்று பதில் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கண் டாக்டரைப் பார்த்தேன். “பழைய பவரேதான். கண்ணு வறண்டுபோயிருக்கு, அவ்ளோதான்” என்றார்.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. ஆனால், டெஸ்ட்டை இலவசமாகக் கொடுப்பவருக்கு வருமானமே ஃப்ரேமிலும் லென்ஸிலும்தான். நீங்கள் வெறுங்கையோடு திரும்பினால் அவருக்கு நஷ்டம்!

இப்போது வரி குறைந்ததும் ஆஃபர்களுக்கு வசதியாகிவிட்டது. பவர் கண்ணாடிக்கு 12 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதம். வரி சேர்க்காத விலை 3,000 ரூபாய் என்றால், 210 ரூபாய் மிச்சம். தேவையில்லாத ஒரே ஒரு கோட்டிங்கைத் தலையில் கட்டினால், அந்த மிச்சம் காலி.

புளூ கட் விஷயத்துக்கு வருவோம். 17 ஆய்வுகளை அலசி 2023-ல் வெளியான காக்ரேன் அறிக்கை, ‘கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை, சாதாரண லென்ஸைவிட இது குறைப்பதாகத் தெரியவில்லை’ என்கிறது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருப்பதை 20 விநாடி பாருங்கள். கண்ணை அடிக்கடி சிமிட்டுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

பணத்தைவிடப் பெரிய ரிஸ்க் ஒன்று இருக்கிறது. கடையில் பார்ப்பது பெரும்பாலும் பவர் மட்டும்தான். கண் அழுத்தம், விழித்திரை, பார்வை நரம்பு எல்லாவற்றையும் பார்ப்பது கண் மருத்துவரின் வேலை. கிளாக்கோமா பலருக்கு வலியே இல்லாமல் வரும். அதில் போன பார்வை திரும்பி வராது. வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோயோ அதிக மைனஸ் பவரோ இருந்தாலோ கடை டெஸ்ட்டோடு நிறுத்தாதீர்கள். திடீரென மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

‘டாக்டர்னா செலவாகுமே’ என்று தயங்க வேண்டாம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த், இன்று பல ஊர்களில் இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கண்ணாடி வாங்கும்போது...

* டெஸ்ட் ஓர் இடம், கண்ணாடி இன்னோர் இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பவர் சீட்டை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

* ஆன்லைனில் வாங்குகிறீர்களா? இரண்டு கருவிழிகளுக்கும் இடையிலான தூரத்தை, அதாவது ‘பி.டி’-யை, டெஸ்ட்டின்போதே எழுதி வாங்குங்கள். அது தப்பினால், பவர் சரியாக இருந்தாலும் தலைவலிக்கும்.

* ‘ஃப்ரேம் எவ்ளோ, லென்ஸ் எவ்ளோ, கோட்டிங் எவ்ளோ?’ எனத் தனித்தனியாகக் கேளுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம்தானா என்றும் பாருங்கள்.

* புதுக் கண்ணாடி பழக சில நாள் ஆகலாம். ஒரு வாரம் தாண்டியும் தலை சுற்றினால், பழைய சீட்டோடு போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நான் இன்னும் பழைய கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறேன். டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தில் தலைவலி குறைந்துவிட்டது. அந்த 4,800 ரூபாயும் பர்ஸில் பத்திரம்!