வயிற்றோட்டம் நிற்காத பூனையை மார்க்கட்டில் விடுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. பூனை வளர்க்கிறவர்களும், பூனையைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

பூனை குட்டியாக இருக்கும்வரை வீட்டில் எல்லோருக்கும் செல்லம். அதற்கு வயிற்றோட்டம் பிடித்து, மூன்று நான்கு கிழமையாகியும் நிற்காமல், விரிப்பிலும் கதவடியிலும் போகத் தொடங்கினால், ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு அது சாக்குக்குள் போய்விடும். "மீன் கடைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று ஒரு வார்த்தை. போன தவணை நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, "டீச்சர், எங்கட பூனைய வாப்பா மார்க்கட்ல விட்டுட்டு வந்தாரு. அதுக்கு வருத்தமாம். வருத்தம் வந்தா அப்படித்தானே செய்யணும்?" என்று கேட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒரு மூத்தம்மாவும் இருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். அவள் அதற்குச் சாப்பாடும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவுமில்லை. இதைச் சொன்னால் சிலர் உடனே, "நாங்கள்தான் திறந்து விட்டோமே" என்கிறார்கள். சோறும் கறியும் தின்று வளர்ந்த, எலும்பும் தோலுமான ஒரு பூனை மார்க்கட்டில் நாய்களுக்கு நடுவே எதைத் தேடித் தின்னும்? தேட முடியாத இடத்தில் விடுவதும் கட்டிப் போடுவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. மௌலவிமார் வேறு மாதிரிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு மஞ்சள் பூனைக்கு இந்த வயிற்று நோய் வந்து இது மூன்றாவது வருடம். முழுதாகச் சுகமாகவில்லை. ஆனால் மெலிவு நின்றுவிட்டது, சாப்பிடுகிறது, வெயில் விழும் படியில் படுத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை முறைக்கிறது. நீண்ட நாள் நோயில் சுகம் என்றால் இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மூன்று கிழமைக்கு மேல் போகும் வயிற்றோட்டத்தையும் சத்தியையும் "ஏதோ தின்றிருக்கும்" என்று விடக் கூடாது. குடற் பூச்சி இருக்கலாம், ஜியார்டியா என்ற கிருமி இருக்கலாம். இவை இரண்டும் மலப் பரிசோதனையில் பிடிபடக் கூடியவை, மருந்துக்கும் அடங்கும். இவை இல்லையென்றால் ஒரு சாப்பாடு அதற்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அல்லது குடலே நீண்ட நாளாக அழற்சியில் இருக்கலாம். வயதான பூனை என்றால் தைரொய்டும் புற்றுநோயும் பார்க்க வேண்டும். சில குடற் புற்றுநோய்கள் வெளிப்பார்வைக்கு அழற்சி மாதிரியே இருக்கும், குடலில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் பிரித்தறியலாம்.

சாப்பாட்டுச் சோதனைக்குச் செலவு குறைவு, கட்டுப்பாடுதான் அதிகம். ஒரே ஒரு இறைச்சி, உதாரணமாக உப்பும் போடாமல் அவித்த கோழி. நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு 120, 130 கிராம் போதும். வேறு எதுவும் வாயில் படக் கூடாது. சாப்பாட்டால் வந்த நோய் என்றால் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மாற்றம் தெரியும். வெறும் கோழியில் கல்சியம் போன்றவை போதாது, அதனால் மாதக்கணக்கில் அதையே கொடுக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். இதில் பெரிய தடை, வீட்டிலுள்ள பெரியவர்கள்தான். "பாவம், ஒரு துண்டு கருவாடு" என்று ஒளித்துக் கொடுத்தால் அந்த இரண்டு கிழமையும் வீண்.

பாலும் அப்படித்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே வயிற்றைக் கலக்கும். மாத்தளைக்காரர் நாம், வாசனைச் சாமான் இல்லாமல் கறி ஆக்கமாட்டோம். நமக்கு ருசியான அந்த வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும் என்று பட்டினி போடாதீர்கள். சில நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்புச் சேர்ந்து அதுவே உயிரைக் கொண்டுபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெனடோல் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு குளிசை போதும் பூனையைக் கொல்ல. அரைக் குளிசை, கால் குளிசை என்ற கணக்கும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அடங்காவிட்டால் வைத்தியர் பிரெட்னிசொலோன் தரலாம். கொஞ்சம் சுகமானதும் நாமாக நிறுத்தக் கூடாது, அவர் சொல்கிறபடி குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். குடல் கெட்ட பூனைக்கு பி12 சத்து உடம்பில் சேராது, அதற்கு ஊசி உண்டு. ஒரு பழைய சீ.ஆர். கொப்பியில் திகதி, தின்றது, போன விதம், சத்தி, நிறை எல்லாம் எழுதி வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்தால் அதன் நிறை. வைத்தியர் எங்களிடம் முதலில் கேட்டது இந்தக் கொப்பியைத்தான்.

நஜீஸ் பற்றிய பயம் உண்மையானது, அதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். பூனையின் உடம்பும் வாய் வைத்த தண்ணீரும் நஜீஸ் இல்லை. அதன் மலமும் சத்தியும் நஜீஸ். நம் ஷாஃபி மத்ஹபில் அதை அகற்றிவிட்டு நிறமும் மணமும் போகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். மண் சேர்த்து ஏழு தடவை கழுவுவது நாய்க்கும் பன்றிக்கும் உரிய சட்டம். தொழுகிற அறையைப் பூட்டி வைத்து, மணல் பெட்டியை ஒரு மூலையில் வைத்தால் வீடு வீடாகவே இருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெட்டியை வேறொருவர் தினமும் துப்புரவு செய்யட்டும்.

"மனுசனுக்கே மருந்தில்லை, பூனைக்கு என்ன" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய நாட்களில் பைக்கற்றில் வரும் பூனைச் சாப்பாட்டை நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை. முடியாதவர் முடியாதென்று சொல்வதில் குற்றமில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை. பால் கொடுக்காமலிருக்க எவ்வளவு செலவாகும்?

அரச மிருக வைத்திய அலுவலகங்களின் வேலை பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அங்கே முடியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாட்டிலேயே மிருக வைத்தியத்துக்கென்று உள்ள ஒரே பீடம் நமக்கு இவ்வளவு கிட்ட இருப்பது அல்லாஹ்வின் அருள். கண்டியில் பஸ் மாற வேண்டும். அக்குறணை நெரிசலையும் கணக்கில் எடுத்துக் காலையிலேயே புறப்படுங்கள். அன்றைய மலத்தில் கொஞ்சம் மூடியுள்ள சிறு போத்தலில் எடுத்துப் போங்கள். கொப்பியை மறக்க வேண்டாம்.

கூண்டு இல்லாதவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். எங்களிடம் ஒன்று இருக்கிறது, இரவல் தரலாம். கழுவித் திருப்பித் தந்தால் போதும்.